உருளைக்கிழங்கு வெளியே கருகுகிறது, நடுவில் வேகவில்லை: எளிய வழி சொல்லுங்கள்

தனிச்சமையல்:

வணக்கம். அம்மாவுக்குக் கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது, அதனால் இரண்டு மாதமாக வீட்டில் சமையல் என் பொறுப்பு. மற்றதெல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. உருளைக்கிழங்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை, அம்மாவுக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

நான் செய்வது இதுதான். தோல் சீவி, சதுரமாக நறுக்கி, எண்ணெய் காய்ந்ததும் நேராகச் சட்டியில் போடுகிறேன். பத்து நிமிடத்தில் வெளியே நல்ல பழுப்பு, சில துண்டுகள் கருப்பு, கடித்தால் நடுவில் நறுக்கென்று பச்சை. சரி என்று அடுத்த நாள் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் அடியில் பிடித்துக்கொள்கிறது, கரண்டியால் சுரண்டும்போது பாதி கூழாகிவிடுகிறது. முழுதாக வேகவைத்தும் பார்த்தேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டேன், தோல் வெடித்து வெளிப்பக்கம் கரைய ஆரம்பித்துவிட்டது, நடுவில் கத்தி இறங்கவில்லை.

அம்மா எதுவும் சொல்வதில்லை. சாப்பிட்டு எழுந்த பிறகு பார்த்தால் வேகாத துண்டுகள் தட்டின் ஓரத்தில் ஒதுங்கியிருக்கின்றன. அதைப் பார்க்க மனது கேட்கவில்லை.

ஒரு அடுப்பு, ஒரு கனமான சட்டி, சின்ன குக்கர், மைக்ரோவேவ் இருக்கிறது. ஓவன் கிடையாது. இருபது பொருள் போட்டுச் செய்யும் குறிப்பு வேண்டாம், உப்பும் மிளகும் போதும். கிழங்கு ஒழுங்காக வேக வேண்டும், அவ்வளவுதான்.

அடுப்படி அக்கா:

தம்பி, முதலில் அம்மா சீக்கிரம் குணமாகட்டும். நீங்கள் ஒரே சமயத்தில் இரண்டு வேலையை அந்தக் கிழங்கிடம் கேட்கிறீர்கள். வேகுவது ஒரு வேலை, மொறுமொறுப்பது வேறு வேலை. வேகத் தண்ணீர் வேண்டும், மொறுமொறுக்கத் தண்ணீர் இருக்கவே கூடாது. இரண்டையும் தனித்தனியாகச் செய்யுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

கிழங்கை இரண்டு சென்டிமீட்டர் அளவில் நறுக்குங்கள், எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் ஒன்று கரையும், இன்னொன்று வேகாது. பாத்திரத்தில் போட்டு இரண்டு மூன்று முறை அலசுங்கள், முதல் தண்ணீர் பால் போல வரும், தெளியும் வரை மாற்றுங்கள். அப்புறம் மூழ்கும் அளவு பச்சைத்தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததிலிருந்து ஐந்தாறு நிமிடம். கத்தி முனையால் குத்தினால் இறங்க வேண்டும், ஆனால் துண்டு உடையக் கூடாது. அந்த இடத்தில் நிறுத்தி வடிகட்டுங்கள்.

இனிதான் எல்லோரும் அவசரப்படும் கட்டம். வடிகட்டியிலேயே ஐந்து நிமிடம் விடுங்கள். ஆவி போகப் போக ஈரப் பளபளப்பு மறைந்து, துண்டின் மேல் மாவு தூவியது போல வெளுத்துவிடும். அது தெரிந்த பிறகுதான் சட்டிக்குப் போக வேண்டும். இரண்டு கரண்டி எண்ணெய், நன்றாகக் காயட்டும். ஒரே அடுக்காகப் பரப்புங்கள், குவிக்காதீர்கள். போட்டதும் சொய்ங் என்று சத்தம் வர வேண்டும், அந்தச் சத்தம் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாலு நிமிடம் கரண்டியே படக்கூடாது. அடிப்பக்கம் பொன்னிறமானால் தானாகவே சட்டியை விட்டுக் கழன்றுவிடும், அப்போது திருப்புங்கள். மிளகு கடைசியில், முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும்.

நேர்க்கோடு:

அக்கா சொன்னது சரிதான், ஆனால் வேலை முடிந்து வருகிறவருக்கு இரண்டு பாத்திரம், ஒரு வடிகட்டி எல்லாம் கழுவுவது பெரிய சுமை. ஒரே சட்டியில் முடிக்கலாம். நான் பல வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

துண்டைக் கொஞ்சம் சிறிதாக, ஒன்றரை சென்டிமீட்டருக்கு நறுக்கி அலசிக்கொள்ளுங்கள். அடுப்புப் பற்றவைக்கும் முன்பே கிழங்கு, கால் கப் தண்ணீர், ஒன்றரைக் கரண்டி எண்ணெய், உப்பு எல்லாம் சட்டியில் போட்டு மூடுங்கள். மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம். அந்த ஆவியில் கிழங்கு வெந்துவிடும். மூடியைத் திறந்ததும் மிச்சத் தண்ணீர் வற்றும், சளசளவென்று இருந்த சத்தம் படபடவென்று மாறும். அந்த மாற்றம்தான் அடையாளம், தண்ணீர் போய் எண்ணெய் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். அதிலேயே வறுத்துவிடலாம்.

உங்களுக்கு அடிப்பிடித்ததற்குக் காரணம் வரிசைதான். முதலில் சூடான எண்ணெயில் போட்டீர்கள், அலசாத மாவு சட்டியோடு ஒட்டியது, அதன் மேல் தண்ணீர் தெளித்ததும் பசையாகிவிட்டது. தண்ணீர் முதலில், எண்ணெயின் வேலை பிறகு.

வேதிக்குறிப்பு:

இரண்டு பேரும் சொல்வது ஒரே விஷயம். ஏன் என்று தெரிந்துகொண்டால் எந்தச் சட்டியிலும் செய்துவிடலாம், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர், மிச்சத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து. அந்த மாவு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தண்ணீரை உறிஞ்சி உப்ப ஆரம்பிக்கும். ஆனால் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கிற பெக்டின் என்ற பசை இளக 80 டிகிரிக்கு மேல் போக வேண்டும், அதுவும் சில நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். நறுக்கென்று இருக்கிறது என்றால் நடுவில் அந்தச் சூடு போய்ச் சேரவில்லை. எண்ணெயில் மேற்பரப்பு மிக விரைவாகச் சூடேறும், நடுப்பகுதிக்குச் சூடு ஊர்ந்துதான் போகும். தீயைக் கூட்டினால் நடுப்பகுதி சீக்கிரம் வேகாது, வெளிப்புறம்தான் சீக்கிரம் கருகும்.

பழுப்பு நிறம் பிடிக்க 140 டிகிரி போலச் சூடு தேவை. மேலே ஈரம் இருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால்தான் அக்கா ஆவி போகட்டும் என்று அத்தனை அழுத்திச் சொல்கிறார்.

முழுக் கிழங்கைக் கொதிதண்ணீரில் போட்டபோதும் நடந்தது இதுவே. வெளிப்புறம் உடனே 100 டிகிரியில் நின்று வேக ஆரம்பித்துவிட்டது, உள்ளே சூடு சேர்வதற்குள் வெளியே அளவுக்கு மீறி வெந்து கரைந்துவிட்டது. பச்சைத்தண்ணீரில் போட்டு அதோடு சேர்த்துச் சூடேற்றினால் இந்த இடைவெளி குறையும். கொதி வந்த பிறகும் தளதளவென்று கொதிக்க விடாமல் மெல்ல முத்து முத்தாகக் குமிழி வருகிற அளவில் வையுங்கள். நடுத்தரக் கிழங்குக்குக் கொதித்த பின் 20 முதல் 25 நிமிடம் ஆகும்.

மண்வாசம்:

எல்லோரும் செய்முறையைப் பற்றியே பேசுகிறீர்கள், என்ன கிழங்கு என்று யாருமே கேட்கவில்லையே! மாவுக் கிழங்கு வேறு, இறுக்கமான கிழங்கு வேறு. மாவுக் கிழங்கு வெந்தால் பொலபொலவென்று உதிரும், மசிக்கவும் பொரிக்கவும் அருமையாக இருக்கும், குழம்பில் போட்டால் கரைந்துவிடும். இறுக்கமானது வெந்தாலும் உருவம் கலையாது, குழம்புக்கும் சாலடுக்கும் அதுதான், ஆனால் மசித்தால் மெழுகு போல இருக்கும்.

பெயர் தெரியாமல் வாங்கினாலும் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பங்கு உப்புக்குப் பதினொரு பங்கு தண்ணீர் என்று கலந்து அதில் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவு அதிகம், மிதந்தால் இறுக்கமானது. மாவுச்சத்து கூடக் கூடக் கிழங்கின் அடர்த்தியும் கூடும், அதுதான் காரணம். விரல் நகத்தால் தேய்த்தாலே தோல் உரிந்து வந்தால் இளம் கிழங்கு, பெரும்பாலும் இறுக்கமாகவே இருக்கும்.

ஒரு பையில் இரண்டும் கலந்திருப்பது உண்டு. ஒரே சட்டியில் சில துண்டு கூழாகவும் சில துண்டு கல்லாகவும் இருந்தால் இதையும் சந்தேகப்படுங்கள்.

தனிச்சமையல்:

இவ்வளவு பேர் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. இன்று நேர்க்கோடு சொன்னபடி ஒரே சட்டியில் செய்தேன். உள்ளே நன்றாக வெந்துவிட்டது, முதல் தடவையாக! சத்தம் மாறுவது நிஜமாகவே கேட்டது.

ஆனால் நிறம் ஒத்துவரவில்லை. மூன்று நிமிடத்திலேயே அடர்ந்த பழுப்பாகிவிட்டது, தீயைக் குறைத்தும் அதே கதை. ருசியில் ஒரு தித்திப்பு, அதன் பின்னாலேயே ஒரு கசப்பு. கிழங்கு வாரத்துக்கு ஒரு முறை வாங்கி ஃபிரிட்ஜில் வைக்கிறேன், அதனால் இருக்குமா?

வேதிக்குறிப்பு:

அதனால்தான். ஆறேழு டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் கிழங்கு தன் மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். வறுக்கும்போது அந்தச் சர்க்கரைதான் அவ்வளவு வேகமாகக் கருக்கிறது. அதிகச் சூட்டில் வறுக்கும் மாவுப்பொருள்களில் அக்ரிலமைடு என்ற கெடுதலான வேதிப்பொருள் உருவாகிறது என்று 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சர்க்கரை கூடினால் அதுவும் கூட வாய்ப்பு உண்டு. கருகும் வரை வறுக்காமல் பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள், கருகிய துண்டை ஒதுக்கிவிடுங்கள். பயந்து நடுங்க வேண்டிய விஷயம் இல்லை, கவனம் இருந்தால் போதும்.

நேர்க்கோடு:

பிரிட்டனின் உணவுத் தர முகமை 2023-இல் தன் ஆலோசனையை மாற்றி, வீட்டில் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று சொல்லிவிட்டதே? வீணாவது குறையும் என்பதும் அதில் ஒரு காரணம்.

வேதிக்குறிப்பு:

ஆமாம், வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பதால் அக்ரிலமைடு ஆபத்து குறிப்பிடும்படி கூடுவதில்லை என்பது அவர்கள் முடிவு. அது பாதுகாப்பு பற்றியது. இவர் கேட்பது நிறமும் ருசியும். வேகவைக்க, குழம்பில் போட என்றால் ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கு பரவாயில்லை, வறுக்கிற கிழங்கை வெளியே வைப்பதுதான் என் கட்சி. ஏற்கெனவே உள்ளே இருப்பதை வெளியே எடுத்து ஒரு வாரம் வைத்தால் சர்க்கரை கொஞ்சம் குறையும், முழுதாகப் பழைய நிலைக்கு வராது.

பச்சைவேலி:

வெளியே வைக்கும்போது இருட்டில் வையுங்கள், இதை யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். அந்தப் பச்சை வெறும் பச்சையம்தான், அதுவே கெடுதல் இல்லை, ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனைன் போன்ற நச்சும் கூடியிருக்கும். கொதிக்க வைத்தால் அது போய்விடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், போகாது. சின்னத் திட்டு என்றால் தோலோடு சேர்த்து ஆழமாக வெட்டி எறியுங்கள். முளையையும் அதன் குழியையும் தோண்டி எடுங்கள். பாதிக் கிழங்கு பச்சை, அல்லது முளை நீண்டு கிழங்கு சுருங்கிவிட்டது, அல்லது வெந்த பிறகு வாயில் கசக்கிறது என்றால் முழுதாக வீசிவிடுங்கள், மனம் வராது, இருந்தாலும் வீசிவிடுங்கள். குழந்தைகள் சாப்பிடுகிற வீட்டில் இன்னும் கவனம்.

பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள், உள்ளே வியர்த்து அழுகும். காகிதப் பை, சாக்கு, மூங்கில் கூடை எதுவானாலும் சரி. வைக்கும் முன் கழுவவும் வேண்டாம், சமைக்கும்போது கழுவினால் போதும்.

ஒற்றைத்தட்டு:

ஒரு ஆளுக்கு ஒரு கிழங்கு என்றால் மைக்ரோவேவை விட எளிய வழி கிடையாது, இதை யாரும் சொல்லாதது ஆச்சரியம். 200 கிராம் அளவுக் கிழங்கைத் தேய்த்துக் கழுவி, முள்கரண்டியால் சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் குத்துங்கள். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி அடைபட்டு வெடிக்கலாம். முழுச் சூட்டில் மூன்று நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் இரண்டிலிருந்து நாலு நிமிடம். எடுத்ததும் வெட்டாதீர்கள், ஐந்து நிமிடம் வையுங்கள், அந்த நேரத்தில் நடுப்பகுதியும் வெந்து சமமாகிவிடும். அப்புறம் குறுக்கே கீறி இரண்டு பக்கமும் அமுக்கினால் வெள்ளையாகப் பூத்து வரும். வெண்ணெய், உப்பு, மிளகு. வேறு எதுவும் வேண்டாம்.

தோல் மொறுமொறுப்பாக வராது, அதை எதிர்பார்க்காதீர்கள். வேண்டுமானால் காய்ந்த சட்டியில் எண்ணெய் தடவி இரண்டு நிமிடம் உருட்டி எடுங்கள்.

ஓவன் வைத்திருப்பவர்களுக்கு: 200 டிகிரியில் 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம், கம்பித் தட்டில் நேராக. ஃபாயிலில் சுற்றினால் அது சுட்ட கிழங்கு இல்லை, அவித்த கிழங்கு. சுற்றிச் சுட்டதை அப்படியே வெளியில் மணிக்கணக்கில் விடுவது ஆபத்தும் கூட. காற்றுப் புகாத அந்தச் சூட்டில் பாட்யுலிசம் என்ற கடுமையான உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளரும். உடனே சாப்பிடுங்கள், இல்லையென்றால் பிரித்து ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அடுப்படி அக்கா:

குக்கர் இருக்கிறது என்றாரே, அதையும் சொல்லிவிடுகிறேன். குக்கரில் கிழங்கைத் தண்ணீரில் மூழ்கடிக்காதீர்கள். அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர், அதன் மேல் தட்டு, தட்டில் கிழங்கு. ஆவியில் வெந்தால் போதும், நீர் கோர்க்காது, ருசியும் தண்ணீரில் இறங்கிப் போகாது. முழு நடுத்தரக் கிழங்கு என்றால் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து எட்டிலிருந்து பத்து நிமிடம், பாதியாக வெட்டியது என்றால் ஐந்தாறு நிமிடம். எத்தனை விசில் என்று கேட்காதீர்கள், குக்கருக்குக் குக்கர், அடுப்புக்கு அடுப்பு விசில் மாறும், கடிகாரம் மாறாது. ஆவியைத் தூக்கிவிட்டுத் திறந்தால் தோல் வெடிக்கும், தானாக அடங்கட்டும்.

வறுவலுக்குக் குக்கர் வேண்டாம் என்பேன். அங்கே 120 டிகிரி, ஒரு நிமிடம் கூடினாலும் கூழ். மசிக்க, பிசைய, உள்ளே வைக்கிற பூரணத்துக்கு என்றால் குக்கர்தான்.

தனிச்சமையல்:

கிழங்கை வெளியே அலமாரிக்கு மாற்றிவிட்டேன், புதிதாக வாங்கியதில் நிறம் சரியாக வந்தது. அந்தத் தைரியத்தில் நேற்று தக்காளி போட்டுக் குழம்பு மாதிரி செய்தேன். வெங்காயம் வதக்கி, தக்காளி போட்டுக் கரைந்ததும் பச்சைக் கிழங்கைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். 25 நிமிடம் கொதித்தது. கிழங்கு வேகவே இல்லை! ஓரம் மட்டும் வெந்தது, உள்ளே ரப்பர் போல இருந்தது. கிழங்கு சரியில்லையா? அதே கிழங்கு முந்தாநாள் ஆறு நிமிடத்தில் வெந்ததே.

மண்வாசம்:

கிழங்கின் மேல் பழி போடாதீர்கள், தக்காளிதான் காரணம்.

வேதிக்குறிப்பு:

ஆமாம், புளிப்புதான். நான் முன்பு சொன்ன பெக்டின் பசை புளிப்பில் இளகாது. தக்காளி, எலுமிச்சை, வினிகர், புளித்த தயிர் எல்லாமே அப்படித்தான். கிழங்கு முக்கால் பாகத்துக்கு மேல் வெந்த பிறகு புளிப்பைச் சேருங்கள், அதற்குப் பிறகு எவ்வளவு கொதித்தாலும் கரையாமல் நிற்கும். அதாவது அதே புளிப்பு நேரம் தவறினால் எதிரி, நேரத்தில் சேர்த்தால் துணை.

இதையே தெரிந்தும் பயன்படுத்தலாம். மாவுக் கிழங்கு வேகவைக்கும்போது கரைகிறது என்றால் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டு வேகவையுங்கள், பத்து நிமிடம் கொதித்தாலும் விரல் நீளத் துண்டு கூட உடையாது. சமையல் சோடா இதற்கு நேரெதிர். இரண்டு லிட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி போட்டால் துண்டுகளின் மேற்பரப்பு மட்டும் சீக்கிரம் குழைந்து சொரசொரப்பாகும், வடிகட்டி மூடியோடு குலுக்கினால் மேலே ஒரு மாவுப் படலம் வரும், அதை எண்ணெயில் போட்டால் கண்ணாடி போல மொறுமொறுக்கும். அளவு மீறினால் சோப்பு ருசி வரும், அதனால் அரைத் தேக்கரண்டியைத் தாண்டாதீர்கள்.

அடுப்படி அக்கா:

சோடாவை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆவி போக விட்டு, பொறுமையாக ஒரு பக்கம் வறுபட்டதும் திருப்பினால் சோடா இல்லாமலே மொறுமொறுப்பு வரும். அவசரத்துக்கு ஒரு வழி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

வேதிக்குறிப்பு:

அதில் நான் சண்டை போடவில்லை அக்கா. உங்கள் வழியில் வரும் மொறுமொறுப்பு மெல்லியது, சோடாவில் வருவது தடிமனானது. இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள்.

வெண்ணெய்விரல்:

மசிப்பது பற்றி ஒன்று, தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள். மிக்ஸியில் போடவே போடாதீர்கள். போன வருடம் பத்துப் பேருக்குச் சமைக்கும்போது நேரம் போதவில்லை என்று இரண்டு கிலோ வெந்த கிழங்கை மிக்ஸியில் அடித்தேன். திறந்து பார்த்தால் சுவரில் போஸ்டர் ஒட்டும் பசை மாதிரி நூல் நூலாக இழுக்கிறது. பிளேடு செல்களைக் கிழித்து உள்ளே இருக்கும் மாவு எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடுகிறது, அதுதான் பசையாகிறது. அதைத் திரும்ப மசியலாக்க வழியே கிடையாது. நான் கொஞ்சம் மைதா சேர்த்துப் பிசைந்து, தட்டையாகத் தட்டி எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க எடுத்துப் பரிமாறினேன், நன்றாகவே போனது.

ஒழுங்கான வழி: வெந்ததும் வடிகட்டி, காலிப் பாத்திரத்தில் திரும்பப் போட்டு ஒரு நிமிடம் சிறு தீயில் உலர்த்துங்கள். சூடாக இருக்கும்போதே கை மத்தாலோ முள்கரண்டியாலோ மசியுங்கள். முதலில் வெண்ணெய், அது கிழங்கில் பூசிக்கொள்ளட்டும், அப்புறம் சூடான பால் கொஞ்சம் கொஞ்சமாக. ஆறிய பால் ஊற்றினால் மொத்தமும் ஆறி இறுகிவிடும். மிருதுவானதும் கையை எடுத்துவிடுங்கள், மேலும் மேலும் கிளறினால் கையாலும் பசையாக்க முடியும்.

புதுக்கரண்டி:

இழையில் இப்போதுதான் சேர்கிறேன். குழம்பில் உப்பு அதிகமானால் உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துவிடும் என்பார்களே, அதற்கும் வேகவைத்த பிறகு போட வேண்டுமா, பச்சையாகவா?

நேர்க்கோடு:

கிழங்கு உப்பை மட்டும் தனியாக இழுக்காது. உப்புக் கலந்த தண்ணீரை அப்படியே உறிஞ்சும், மிச்சம் இருக்கிற குழம்பில் உப்பு அதே கரிப்பில்தான் இருக்கும். உப்பில்லாத கிழங்கையும் சேர்த்துச் சாப்பிடுவதால் வாய்க்குக் குறைந்தது போலத் தெரியும். நிஜமாகக் குறைக்க வேண்டுமானால் தண்ணீரோ உப்பில்லாத மற்றப் பொருளோ சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் வழி.

புதுக்கரண்டி:

சரி, புரிந்தது. இன்னொன்று, பிள்ளைகளுக்கு விரல் வறுவல் பொரிக்க எளிய வழி? இரண்டு முறை பொரிக்க வேண்டுமாமே.

வெண்ணெய்விரல்:

இரண்டு முறை பொரிப்பதுதான் சிறந்தது. 150, 160 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் நிறம் வராமல் வேகவிட்டு எடுத்து ஆறவைத்து, பிறகு 180, 190 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம். பாருங்கள், அக்கா முதல் பதிவில் சொன்னதுதான் இங்கேயும்: முதல் முறை வேக, இரண்டாம் முறை மொறுமொறுக்க.

எளிய வழி வேண்டுமானால் ஆறிய எண்ணெயில் ஆரம்பியுங்கள். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் நறுக்கி, அலசி, துணியில் ஒற்றி நன்றாக உலர்த்திச் சட்டியில் போட்டு, மூழ்கும் அளவு எண்ணெய் ஊற்றி, பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். மிதமான தீ. முதல் 15 நிமிடம் கிளறக் கூடாது, அப்போது துண்டுகள் மெத்தென்று இருக்கும், கரண்டி பட்டால் உடையும். அப்புறம் மெல்லப் பிரித்துவிட்டு, பொன்னிறமாகும் வரை, மொத்தம் 25 நிமிடம் போல ஆகும். சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெயும் கிழங்கும் சேர்ந்து இருக்கக் கூடாது, ஈரம் இருந்தால் பொங்கி வழியும். பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடாதீர்கள்.

ஒற்றைத்தட்டு:

மிஞ்சிய வேகவைத்த கிழங்கை வீசாதீர்கள். ஒரு இரவு ஃபிரிட்ஜில் இருந்த வெந்த கிழங்கு இறுகியிருக்கும், கத்தியில் ஒட்டாமல் சுத்தமாக நறுக்கலாம், மேற்பரப்பும் காய்ந்திருக்கும், அதனால் அன்றைக்கே வேகவைத்ததை விட நன்றாக மொறுமொறுக்கும். நான் எப்போதும் நாலு கிழங்கு கூடுதலாகவே போடுவேன். பச்சைக் கிழங்கை மட்டும் ஃப்ரீசரில் போடாதீர்கள், உருகியதும் தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும்.

தனிச்சமையல்:

இன்று ஞாயிறு, நேரம் இருந்தது, அக்கா சொன்ன முறையில் முழுதாகச் செய்தேன். நேற்றிரவே தோலோடு வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்த மூன்று கிழங்கையும் சேர்த்துக்கொண்டேன், எது நன்றாக வருகிறது பார்க்கலாம் என்று சட்டியில் பாதி அது, பாதி புதிதாக வேகவைத்தது. வடிகட்டியில் அந்த வெளுப்பு வரும் வரை காத்திருந்தேன். நாலு நிமிடம் கரண்டியைத் தூர வைத்துவிட்டு நின்றேன், அது கஷ்டமாகத்தான் இருந்தது. திருப்பியபோது ஒரு துண்டு கூட ஒட்டவில்லை. ஒற்றைத்தட்டு சொன்னது உண்மை, பழைய கிழங்குதான் அதிக மொறுமொறுப்பு, ஆனால் உள்ளே மிருது புதியதில்தான்.

அம்மா இடது கையால் முள்கரண்டி பிடித்துச் சாப்பிட்டார்கள். தட்டின் ஓரத்தில் ஒன்றும் இல்லை. இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள், என் பங்கிலிருந்து எடுத்து வைத்தேன். "உப்பு மேலேதான் இருக்கிறது, உள்ளே ஏறவில்லை" என்றார்கள். இரண்டு மாதத்தில் என் சமையலைப் பற்றி அவர்கள் சொன்ன முதல் குறை, எனக்கு அத்தனை சந்தோஷம்.

அது பழைய கிழங்கு மட்டுமா என்று தெரியவில்லை. தோலோடு வேகவைத்தபோது தண்ணீரில் உப்புப் போடவில்லை.

அடுப்படி அக்கா:

பழைய கிழங்குதான். தோல் இருந்தால் உப்பு அவ்வளவாக உள்ளே போகாது, நீங்கள் அதையும் போடவில்லை. அடுத்த முறை தோலோடு வேகவைத்தால் சூடாக இருக்கும்போதே துணியால் பிடித்து உரித்து, நறுக்கி, அப்போதே உப்புத் தூவிப் பிரட்டிவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், சூட்டில் இழுத்துக்கொள்ளும். அம்மாவுக்கு அடுத்த கட்டு எப்போது பிரிக்கிறார்கள்?